அனுபவ ஓட்டுநர்களுக்குச் சாலை விதிகள் நினைவிருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பத்து, இருபது, முப்பது வருடங்களாகக் காரோ பைக்கோ ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கான பக்கம் இது. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுக்கப்போகும் பிள்ளைகள் படித்தாலும் தவறில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம், அதன் 2019 திருத்தம், 2017-இல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் ஆகியவற்றை அடிப்படையாக வைத்தும், தெருவில் நடப்பதைப் பார்த்தும் எழுதியிருக்கிறோம்.

இருபது வருடமாக ஓட்டுபவருக்கு விதி மறந்துபோகுமா?

எல்லாம் மறக்காது. பலகைகள் மறப்பதில்லை. முக்கோணம் எச்சரிக்கை, சிவப்பு வட்டம் தடை, நீல வட்டம் கட்டாயம் என்பதை அனுபவசாலிகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். தடுமாறுவது ‘யார் முதலில் போகவேண்டும்’ என்ற இடத்தில்தான். சிக்னல் இல்லாத நாற்சந்தி, ரவுண்டானா, பிரதான சாலையில் வந்து சேரும் சந்து, மலைப்பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி என்று வந்தால் பத்துப் பேர் பத்து பதில் சொல்வார்கள்.

காரணம் எளிது. பலகை தினமும் கண்ணில் படுகிறது. முன்னுரிமைக்கு நம் ஊரில் பெரும்பாலும் பலகையே கிடையாது. எனவே அதைச் சாலையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறோம். சாலை கற்றுத்தருவதோ வேறு பாடம்: பெரிய வண்டி முதலில், மூக்கை நுழைத்தவன் முதலில், ஹாரன் அடித்தவன் முதலில். சில வருடங்களில் இந்தப் பழக்கம், படித்த விதியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். கேட்டால் “இதுதான் ரூல்” என்றே சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மறந்துபோனவர்களைவிட, முதலிலேயே தெரிந்துகொள்ளாதவர்கள் அதிகம். எட்டுப் போட்டு, நாலு படத்துக்குப் பதில் சொல்லி, டிரைவிங் ஸ்கூல்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு லைசென்ஸ் வாங்கியவருக்கு மறப்பதற்கு என்ன இருக்கிறது?

லைசென்ஸ் வாங்கிய பிறகு விதியைப் பற்றி யாராவது மறுபடி கேட்பார்களா?

கேட்க மாட்டார்கள். எல்.எல்.ஆர். தேர்வில் 60 சதவீதக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் தேர்ச்சி. அதோடு எழுத்துத் தேர்வு முடிந்தது. 2019 திருத்தத்தின்படி, 30 வயதுக்குள் எடுத்த லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். 30 முதல் 50 வரை எடுத்தாலோ புதுப்பித்தாலோ 10 வருடம். 50 முதல் 55 வரை என்றால் 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து வருடம்.

புதுப்பிக்கும்போது கேட்பது, 40 வயதைக் கடந்தவர்களுக்கு 1ஏ படிவத்தில் மருத்துவச் சான்று. சாலை விதி பற்றி ஒரு கேள்வியும் வராது. 22 வயதில் லைசென்ஸ் எடுத்தவர், தேதி தவறாமல் புதுப்பித்து வந்தால், 75 வயதிலும் அந்த முதல் தேர்வின் பலத்தில்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும்.

காலாவதியானாலும் 30 நாள் சலுகை இருக்கிறதே?

இருந்தது. 2019 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். காலாவதித் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அதன் பிறகும் ஒரு வருடம் வரை தேர்வு இல்லாமல் புதுப்பிக்கலாம். ஆனால் தேதி முடிந்த மறுநாளிலிருந்து புதுப்பிக்கும் வரை ஓட்டக்கூடாது. அந்த இடைவெளியில் இடித்துவிட்டால் போலீஸ் அபராதத்தோடு போகாது. உங்கள் வண்டிச் சேதத்துக்கான இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுக்கலாம். எதிராளிக்குக் கொடுக்கும் தொகையைக்கூட முதலில் அவர்கள் கட்டிவிட்டு, பிறகு உங்களிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிப்பதுண்டு. லைசென்ஸை எடுத்துத் தேதியை இப்போதே பார்த்துவிடுங்கள். பழைய அட்டைகளில் ‘டிரான்ஸ்போர்ட்’, ‘நான்-டிரான்ஸ்போர்ட்’ என இரண்டு தேதி இருக்கும். சொந்த கார், பைக்குக்கு இரண்டாவதுதான் கணக்கு.

நான் 1990-களில் லைசென்ஸ் எடுத்தவன். அதற்குப் பிறகு என்னதான் மாறிவிட்டது?

அடிப்படை மாறவில்லை, இடப்பக்கம் ஓட்டு, வலப்பக்கம் முந்து. ஆனால் நீங்கள் படித்த 1989 சாலை விதிகளே இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-இல் வந்த ஒழுங்குமுறைகள் நடைமுறையில் இருக்கின்றன. பழையவை சில பக்கங்களில் முடிந்துவிடும். புதியவை விரிவானவை, போன், ரவுண்டானா, லேன் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பேசுகின்றன.

2019 செப்டம்பர் 1 முதல் திருத்தச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. ஹெல்மெட் இல்லை என்றால் 1,000 ரூபாய், சீட் பெல்ட் இல்லை என்றால் 1,000. குடித்துவிட்டு ஓட்டி முதல்முறை பிடிபட்டால் 10,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால்.

குழந்தைகள் விஷயத்தில்தான் பெரியவர்கள் அதிகம் பின்தங்கியிருக்கிறார்கள். நான்கு வயது தாண்டிய குழந்தைக்குப் பைக்கில் ஹெல்மெட் கட்டாயம். நான்கு வயதுக்குக் கீழே என்றால் 2023 பிப்ரவரி முதல் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, ஹெல்மெட், அதோடு 40 கி.மீ.க்கு மிகாத வேகம். பெட்ரோல் டேங்கின் மேல் குழந்தையை உட்கார வைப்பது எந்தக் காலத்திலும் சரியில்லை. காரில் முகம் முன்னோக்கி இருக்கும் பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம்.

லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் காகிதங்களைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. டிஜிலாக்கர், எம்பரிவாஹன் செயலிகளில் காட்டினால் போதும். கேலரியில் இருக்கும் போட்டோ அந்தக் கணக்கில் வராது.

சென்னையில் ஓட்டுபவர்கள் 2023 நவம்பரில் மாநகரப் போக்குவரத்துக் காவல் அறிவித்த வேக வரம்பையும் தெரிந்துகொள்ளவேண்டும்: கார் 60, கனரக வாகனம் 50, இருசக்கர வண்டி 50, ஆட்டோ 40, குடியிருப்புப் பகுதியில் யாராக இருந்தாலும் 30. கடைசி எண்ணைத்தான் யாரும் நம்புவதில்லை.

சிக்னல் இல்லாத சந்திப்பில் யார் முதலில்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

முதலில் சாலைகளைப் பாருங்கள். ஒன்று பிரதான சாலை, மற்றது கிளை என்றால், பிரதான சாலையில் போகிறவருக்கே முன்னுரிமை. சந்திலிருந்து வருபவர் நிற்கவேண்டும். ‘நிற்க’ என்றால் முன் சக்கரம் பிரதான சாலையின் ஓரக்கோட்டைத் தாண்டாமல் நிற்பது. பானெட்டை ஒரு மீட்டர் நீட்டி வைத்துக்கொண்டு “பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்” என்பது நிற்பதில் சேராது. அந்த ஒரு மீட்டருக்காக ஓரமாக வரும் பைக் நடுச்சாலைக்கு ஒதுங்கும். பின்னால் வரும் பஸ் அதன் மேல் ஏறும்.

இரண்டும் சமமான சாலைகள் என்றால், உங்கள் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிடவேண்டும். அதாவது ஒவ்வொருவரும் தன் வலப்பக்கத்தைப் பார்த்து நிற்கவேண்டும். பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. அண்ணா நகர், கே.கே. நகர் போலக் கட்டம் கட்டமாகத் தெரு போட்ட இடங்களில் தினமும் நூறு முறை தேவைப்படும் விதி இது.

நேராகப் போகிறவருக்கும் வலப்பக்கம் திரும்புகிறவருக்கும் இடையே என்றால், திரும்புகிறவர்தான் காத்திருக்கவேண்டும். எதிரே வருபவர் ஹெட்லைட்டை மின்னினால் அதை “நீ போ” என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் அதற்கு “நான் வருகிறேன், நில்” என்று பொருள். பிரிட்டனில் ஓட்டிப் பழகிவிட்டு விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள் ஏமாறும் இடம் இது; அங்கே வழிவிடுகிறேன் என்பதற்காக விளக்கை மின்னுவார்கள். விதிப்படி அந்த மின்னலுக்கு முன்னுரிமை தரும் அதிகாரம் ஏதும் இல்லை.

சந்திப்பில் போலீஸ்காரர் நின்றால் அவர் கைதான் எல்லாவற்றுக்கும் மேல். சிக்னல் பச்சையாக இருந்தாலும் அவர் நிறுத்தினால் நிற்கவேண்டும்.

ரவுண்டானாவில்?

உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை; நுழைபவர் காத்திருக்கவேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் உள்ளே இருப்பவர் எப்போதும் நம் வலப்பக்கம்தான் வருவார். எனவே இது மேலே சொன்ன ‘வலப்பக்கத்துக்கு வழிவிடு’ என்பதோடு ஒத்துப்போகிறது. வெளியேறும் திறப்புக்கு முந்தைய திறப்பைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர் போடுங்கள். நுழைபவர்கள் முட்டி மோதிக்கொண்டு உள்ளே போனால், உள்ளிருப்பவர் வெளியேற முடியாது. வெளியேற முடியாததால் நுழைபவருக்கும் இடமில்லை. ரவுண்டானா பூட்டிக்கொள்வது இப்படித்தான். அதன்பின் போலீஸ்காரர் வந்து ஒவ்வொரு வண்டியாகப் பிரித்தெடுப்பார்.

மஞ்சள் விளக்கு எரிந்தால் வேகமாகப் போய்விடலாமா?

மஞ்சள் என்றால் ஸ்டாப் லைனுக்கு முன் நில் என்று அர்த்தம். பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் இடித்துவிடுவார் என்ற அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டிருந்தால் மட்டும் கடந்து போகலாம். மஞ்சள் விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்துக் கவனமாகக் கட. சிவப்பு மின்னினால் முழுதாக நின்று, பார்த்து, பிறகு போ. இரவு பதினோரு மணிக்கு மேல் சிக்னல்களை மின்னவிடும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

பச்சைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சந்திப்புக்கு அந்தப் பக்கம் வண்டிகள் தேங்கி நின்றால், உங்களுக்குப் பச்சை எரிந்தாலும் உள்ளே நுழையக்கூடாது. சில சந்திப்புகளில் தரையில் மஞ்சள் கட்டங்கள் போட்டிருப்பது அதற்காகத்தான்.

சிவப்பில் இடப்பக்கம் திரும்பலாம்தானே? ஃப்ரீ லெஃப்ட் உண்டே?

அப்படி எழுதிய பலகையோ பச்சை அம்போ இருக்கும் சந்திப்பில் மட்டும். எங்கும் செல்லும் பொது உரிமை கிடையாது. பலகை இருந்தாலும் ஜீப்ரா கோட்டில் நடப்பவருக்கும் வலப்பக்கமிருந்து வருபவருக்கும் வழிவிட்ட பிறகே திரும்பவேண்டும்.

நேராகப் போகிறேன் என்று காட்ட நாலு இண்டிகேட்டரும் போடுகிறேன். சரிதானே?

தவறு. பல வருட அனுபவசாலிகளே அதிகம் செய்யும் தவறும்கூட. நாலும் மின்னும்போது பக்கத்தில் வருபவருக்கு ஒரு பக்க விளக்குதான் தெரியும். உங்கள் இடப்பக்கம் நிற்பவருக்கு இடது இண்டிகேட்டர் மட்டும் தெரியும். நீங்கள் இடப்பக்கம் திரும்புகிறீர்கள் என்றே நினைப்பார். வலப்பக்கம் நிற்பவர் நேர்மாறாக நினைப்பார். நேராகப் போக எந்த இண்டிகேட்டரும் தேவையில்லை.

மழையில் ஓடிக்கொண்டே நாலையும் போடுவதும் இப்படித்தான். பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்று தெரியாது. நடுவில் லேன் மாறினால் அதையும் காட்ட முடியாது. மழைக்கு ஹெட்லைட்டை டிம்மில் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து எரியும், அது போதும்.

அந்த பட்டன் வண்டி பழுதாகி நிற்கும்போதும், இழுத்துச் செல்லப்படும்போதும் பயன்படவேண்டும். பழுதானால் சிவப்பு முக்கோணத்தை நகரத்தில் 50 மீட்டர் பின்னால் வையுங்கள். நான்குவழிச் சாலையில் 100 மீட்டர் நடந்துபோய் வைப்பது நல்லது. டிக்கியை ஒட்டிய மாதிரி வைத்தால் அதைப் பார்க்கும்போது உங்கள் வண்டியும் சேர்ந்தே தெரியும், பிரயோஜனமில்லை.

பைக்கில் வலப்பக்கம் திரும்புவதில் எங்கே தவறு நடக்கிறது?

இடது ஓரத்திலிருந்து நேராக வலப்பக்கம் வெட்டுவதில். இண்டிகேட்டர் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் சாலை முழுவதையும் குறுக்கே கடப்பார்கள். பின்னால் வருபவர் முந்திக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரியாது. பல பைக்குகளில் கண்ணாடியே இருக்காது, இருந்தாலும் முழங்கையைத்தான் காட்டும்.

செய்யவேண்டியது இது. 40 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். பின்னால் வருபவருக்கு மூன்று வினாடி தரவேண்டும் என்றால், 30 மீட்டருக்கு மேல் இருக்கும்போதே இண்டிகேட்டர் போடவேண்டும். கண்ணாடியைப் பாருங்கள், பிறகு வலத் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். காலியாக இருந்தால் மெல்ல நடுக்கோட்டை ஒட்டி வந்து நில்லுங்கள். எதிர்த்திசை காலியானதும் திரும்புங்கள். திரும்பும்போது மூலையை அறுக்காமல், நுழையும் சாலையின் இடப்பக்கத்தில் போய்ச் சேரவேண்டும். மூலையை அறுத்தால் அந்தச் சாலையிலிருந்து வெளியே வருபவரோடு நேருக்கு நேர்.

நடுக்கோட்டில் நிற்கப் பயமாக இருக்கும் அளவு வேகமான சாலையா? இடப்பக்கம் ஓரங்கட்டி நின்று, இரண்டு பக்கமும் காலியானதும் கடந்து போங்கள். கூடுதலாக ஒரு நிமிடம்தான்.

சாலையில் போட்ட கோடுகளுக்கு என்ன அர்த்தம்?

விட்டுவிட்டு வரும் வெள்ளைக்கோடு: பாதுகாப்பாக இருந்தால் தாண்டலாம். தொடர் வெள்ளைக்கோடு: தாண்டாதே. தொடர் மஞ்சள் கோடு: உன் பக்கத்துக்குள்ளேயே இடமிருந்தால் முந்தலாம், கோட்டைத் தாண்டக்கூடாது. இரட்டை மஞ்சள்: எந்தப் பக்கத்தவரும் தாண்டக்கூடாது. ஒன்று தொடர்கோடு, மற்றது விட்ட கோடு என்றால், விட்ட கோடு உன் பக்கம் இருந்தால் மட்டும் தாண்டலாம். கோடு அழிந்துபோன சாலையில் இதெல்லாம் எதற்கு என்பீர்கள். தொடர்கோடு பெரும்பாலும் வளைவு, மேடு, பாலம் இருக்கும் இடத்தில் வரும். கோடு இல்லாவிட்டாலும் அங்கே முந்தக்கூடாது என்பது விதி.

இருவழிச் சாலையில் முந்த எவ்வளவு இடம் வேண்டும்?

நினைப்பதைவிட அதிகம். 60 கி.மீ. வேகத்தில் போகும் பஸ்ஸை நீங்கள் 80-இல் முந்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேக வித்தியாசம் 20, அதாவது வினாடிக்கு ஐந்தரை மீட்டர். பஸ்ஸுக்குப் பின்னால் 20 மீட்டர், பஸ் 12, உங்கள் கார் 4, முந்திய பிறகு விடவேண்டிய இடைவெளி 20: மொத்தம் 56 மீட்டர். பத்து வினாடி ஆகும். அந்தப் பத்து வினாடியில் நீங்கள் 220 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 80-இல் வருபவரும் 220 மீட்டர் வந்திருப்பார். ஆக 450 மீட்டராவது வெறுமையாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் முந்துவது கணக்கு இல்லை, நம்பிக்கை.

முந்தப்படுபவருக்கும் ஒரு விதி உண்டு: முந்தும்போது வேகத்தைக் கூட்டக்கூடாது. ஈகோ பார்ப்பவர்கள் கவனிக்க.

லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் முந்தலாம் என்று அர்த்தமா?

விதிப்படி வலது இண்டிகேட்டருக்கு ஒரே அர்த்தம்: வலப்பக்கம் வருகிறேன். லாரிக்காரர்கள் அதை வேறு பொருளிலும் பயன்படுத்துகிறார்கள். சிலர் “எதிரே வண்டி, முந்தாதே” என்பதற்கு, சிலர் “வா, முந்து” என்பதற்கு. மாநிலத்துக்கு மாநிலம், ஆளுக்கு ஆள் மாறும் பாஷையை நம்பி உயிரை வைக்கவேண்டாம். வலது இண்டிகேட்டர் எரிந்தால் திரும்பப்போகிறார் என்றே எடுத்துக்கொண்டு பின்தங்குங்கள். அவர் நடுவுக்கு வந்து உண்மையிலேயே வலப்பக்கம் திரும்பக் காத்திருந்தால் இடப்பக்கமாகக் கடக்கலாம். இடப்பக்கமாகக் கடக்க விதி இடம் தரும் நிலைமை அதுதான்.

நான்குவழிச் சாலையில் வலது லேன் முந்துவதற்கு மட்டும். முந்தியதும் இடப்பக்கம் வந்துவிடவேண்டும். கனரக வண்டிகள் வலது லேனிலேயே ஊர்வதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது: இடது லேனில் நிறுத்தி வைத்த லாரி, எதிர்த்திசையில் வரும் பைக், சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென நுழையும் டிராக்டர்.

முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் எவ்வளவு இடைவெளி?

இரண்டு வினாடி. முன்வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என்று சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தொட்டுவிட்டால் நெருங்கிவிட்டீர்கள். மழையில் நான்கு வினாடி.

ஏன் என்று எண்ணாகப் பார்ப்போம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் அதற்குள்ளேயே 25 மீட்டர் போயிருக்கும். பிறகு நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலையில் நிற்க இன்னும் 20. மொத்தம் 45 மீட்டர். 80-இல் ஏறக்குறைய 70 மீட்டர். 100-இல் ஏறக்குறைய 100. ஈரச்சாலை என்றால் 80-க்கே 95 மீட்டர் பக்கம் வந்துவிடும். அனுபவத்தால் இந்த எண்களில் எதுவும் குறையாது. அனுபவசாலி ஆபத்தை முன்கூட்டியே ஊகிப்பார், அவ்வளவுதான். ஊகிக்காத ஆபத்துக்கு அவருக்கும் அதே தூரம்.

80-இல் இரண்டு வினாடி என்பது 44 மீட்டர்தானே, 70 எங்கே என்று கேட்கலாம். முன்வண்டியும் பிரேக் பிடித்துக் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும் என்பதால் சமாளிக்கிறது. அது நின்றிருக்கும் லாரியில் மோதி அப்படியே நின்றுவிட்டால் இரண்டு வினாடி போதாது. இரவில், லாரிக்குப் பின்னால் போகும்போது இதை நினைவில் வையுங்கள். பல டிரெய்லர்களில் பிரேக் விளக்கு எரியாது.

மலைப்பாதையில் யார் வழிவிடவேண்டும்?

இரண்டு வண்டி போக அகலம் இல்லாத இடத்தில், இறங்குபவர் நின்று ஏறுபவருக்கு வழிவிடவேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கடினம், பின்னால் உருளும் ஆபத்தும் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலும் கேரளா, கர்நாடகா வண்டிகள் உட்பட எல்லாருக்கும் இதே விதி. வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள். பஸ் வருகிறது என்று தெரிந்தால் வளைவுக்கு வெளியே, கொஞ்சம் முன்பே நின்றுவிடுங்கள். பஸ் திரும்ப வளைவு முழுவதும் வேண்டும்.

இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் செகண்ட். நியூட்ரலில் உருளவிட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் பேட் சூடேறி, கருகிய வாடை வரும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது. வாடை வந்ததும் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடவேண்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘எல்’ அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எதிரே வருபவர் பிரைட் லைட்டைக் குறைக்கவில்லை. நானும் பிரைட் அடித்தால் என்ன?

இரண்டு பேருக்கும் கண் தெரியாமல் போகும். ஒருமுறை டிப்பர் அடித்துக் காட்டுங்கள். குறைக்காவிட்டால் வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் இடது ஓர வெள்ளைக்கோட்டுக்குத் திருப்புங்கள். தெருவிளக்கு இருக்கும் இடத்திலும், முன்னே ஒரு வண்டிக்குப் பின்னால் போகும்போதும் டிம்தான்.

வண்டியை எங்கே நிறுத்தக்கூடாது?

சந்திப்பு, வளைவு, மேட்டின் உச்சி, நடைபாதை, ஜீப்ரா கோடு, பஸ் நிறுத்தம், பள்ளி மற்றும் மருத்துவமனை வாசல், பிறர் வீட்டு வாசல், சாலைப் பலகையை மறைக்கும் இடம், ஏற்கனவே நிறுத்திய வண்டியின் பக்கவாட்டு. “ரெண்டு நிமிஷம்” என்பதற்கு விதியில் இடமில்லை.

யூ டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஓரமாக ராங் ரூட்டில் நூறு மீட்டர் போனால்?

போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டுவது 184-ஆம் பிரிவின் கீழ் ஆபத்தான ஓட்டுதல். முதல்முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சட்டத்தைவிட முக்கியமானது, அது எப்படி விபத்தாகிறது என்பது. இடப்பக்கக் கிளைச்சாலையிலிருந்து ஒருவழிச் சாலையில் நுழைபவர் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார். அவர் பார்க்கவேண்டிய திசை அதுதான். நீங்கள் அவருடைய இடப்பக்கமிருந்து வருகிறீர்கள். அவர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே வண்டியை எடுப்பார். ஓரமாகப் போவதால் பாதுகாப்பு என்று நினைப்பதே இங்கே எதிராக வேலை செய்கிறது; அவர் நுழைவதும் அதே ஓரத்தில்தான். விபத்தானால் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உங்கள் பங்கு அலட்சியத்தைக் கணக்கிட்டு தொகையைக் குறைக்கும்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால்?

கண்ணாடியில் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பதற்றத்தில் நடுவிலேயே பிரேக் அடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வழிவிட மறுத்தால் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் பறப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

மேப் பார்க்கப் போனைப் பயன்படுத்தலாமா?

வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று மத்திய விதிகளில் 2020-இல் திருத்தம் வந்தது. ஸ்டாண்டில் மாட்டி, கிளம்பும் முன்பே இடத்தைப் போட்டுக் குரல் வழியைக் கேட்டு ஓட்டுவது அதில் அடங்கும். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசுவது அடங்காது. 40 கி.மீ. வேகத்தில் இரண்டு வினாடி திரையைப் பார்த்தால் 22 மீட்டர் கண்ணை மூடி ஓட்டியதாகக் கணக்கு.

விபத்து நடந்துவிட்டால் சட்டப்படி என்ன செய்யவேண்டும்?

வண்டியை நிறுத்தி, காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்யவேண்டும், 108-ஐக் கூப்பிடுங்கள். சம்பவத்தை 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்கவேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லவேண்டும். கூட்டம் அடிக்க வருகிறது என்றால் அங்கேயே நிற்கவேண்டியதில்லை, சட்டமே அதை ஏற்கிறது. நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். வழிப்போக்கராக உதவி செய்பவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 2019 திருத்தத்தில் இதற்கென்றே 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது.

எனக்கு எவ்வளவு தெரியும் என்று எப்படிச் சோதித்துக்கொள்வது?

பரிவாஹன் தளத்தில் எல்.எல்.ஆர். மாதிரித் தேர்வு இருக்கிறது. காசில்லை, யாருக்கும் தெரியாது. எழுதிப் பாருங்கள். பலகைக் கேள்விகளில் முழு மதிப்பெண் வந்தால் குதிக்கவேண்டாம். முன்னுரிமை, முந்துதல் கேள்விகளில் எத்தனை தவறு என்று பாருங்கள்.

பார்வைக்கு ஒரு சோதனை: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? லைசென்ஸ் விண்ணப்பத்தின் முதல் படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டு உறுதி தந்தது அதைத்தான். இருபத்தைந்து மீட்டர் என்பது வரிசையாக நிற்கும் ஆறு கார் நீளம். கண்ணாடி போட்டுப் படிக்க முடிந்தால், கண்ணாடி போட்டுத்தான் ஓட்டவேண்டும்.

மூன்றாவது வழி கொஞ்சம் வலிக்கும். அண்மையில் எல்.எல்.ஆர். எடுத்த பிள்ளையை முன்சீட்டில் உட்கார வைத்து, நீங்கள் செய்யும் ஒவ்வொரு தவறையும் சொல்லச் சொல்லுங்கள். பதில் பேசக்கூடாது.

பிள்ளைக்கு நானே ஓட்டக் கற்றுத்தரலாமா?

கார் கற்றுத்தரலாம், அவரிடம் எல்.எல்.ஆர். இருந்தால். உங்களுக்கு அந்த வகை வண்டிக்கு நடப்பிலுள்ள லைசென்ஸ் இருக்கவேண்டும். வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடியும்படி பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். சாதாரண காரில் உங்கள் பக்கம் பிரேக் பெடல் இருக்காது, எனவே ஹேண்ட் பிரேக் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். புதிய மாடல்களில் ஹேண்ட் பிரேக் பட்டனாக வருகிறது. ஓடும்போது அதைத் தொடர்ந்து இழுத்துப் பிடித்தால்தான் வேலை செய்யும். காலி மைதானத்தில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுச் சாலைக்கு வாருங்கள். முன்னும் பின்னும் 18 செ.மீ. சதுர வெள்ளைப் பலகையில் குறைந்தது 10 செ.மீ. உயரச் சிவப்பு ‘எல்’ இருக்கவேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாளுக்குப் பிறகு நிரந்தர லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம்.

பைக்கில் எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் பின்னால் கற்றுத்தருபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது. தோழனை ஏற்றிக்கொண்டு டியூஷனுக்குப் போவதெல்லாம் இதில் அடிபடும்.

16 வயதில் ஓட்ட அனுமதி கியர் இல்லாத 50 சி.சி. வரையிலான வண்டிக்குத்தான். வீட்டில் நிற்கும் 110, 125 சி.சி. ஸ்கூட்டருக்கு 18 ஆகவேண்டும். 17 வயதுப் பிள்ளை கடைக்குப் போய் வரும் வழியில் விபத்து செய்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.